வேலிப் பழமும் வெள்ளைக்கார டாக்டரும்

கொடுங்கையூர் பக்கம் போயிருக்கிறீர்களா? 'குப்பைமேடு இருக்கிற ஏரியாதானே, மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் கடந்திருக்கிறேன்' என்பீர்கள். நியாயம்தான். வடசென்னையின் குப்பையெல்லாம் எண்பதுகளிலிருந்து அங்கேதான் போய்க் குவிந்திருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து பாருங்கள். காலி மனைகளின் ஓரம், கால்வாய்க் கரை, பாதி இடிந்த காம்பவுண்டுச் சுவர் என்று, யாரும் விதைக்காத, யாரும் தண்ணீர் ஊற்றாத ஒரு பழத்தோட்டம் பச்சைப்பசேல் என்று கிடக்கும்.

நான் போனது வேறு வேலையாக. ஒரு மனையின் வேலியோரம் வயதான அம்மா ஒருவர் குனிந்து எதையோ பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாகக் கறுப்புப் பழங்களும் பச்சைக் காய்களும்.

"இன்னா தம்பி பாக்கற? மணத்தக்காளி. கறுத்தத அப்டியே துன்னலாம். பச்சைய துன்னாத, வவுத்த கலக்கும். பச்சைக்காய மோருல உப்பு போட்டு ஊற வெச்சி, வெயில்ல காய வெச்சி வத்தல் போடணும்."

"இந்தக் கொடியில் சிவப்பா இருக்கே?"

"அது கோவ. காய் நம்மளுக்கு, பழம் கிளிக்கு."

"இது? கலர் கலரா பூ பூத்திருக்கே..."

"உண்ணிச்செடி. நல்லா கறுத்த பழத்த சின்ன வயசுல துன்னுக்கிறோம். பச்சையா இருந்தா கிட்டயே போவாத. மாடு கூட அந்த எலய மேயாது."

வேலியின் கோடியில் வெடித்த நெற்றுக்குள் சிவப்பு மணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புக் கண். நான் கை நீட்டியதுமே அந்த அம்மாவின் குரல் உயர்ந்தது. "ஐய, அது குண்டுமணி! கண்ணுக்குத்தான் அழகு. கடிச்சா உசுரு பூடும்."

பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாகவும், சதுர்த்திக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகவும் இருந்த அதே குண்டுமணிதான். அதற்குள் இருக்கும் அப்ரின் என்ற நஞ்சு, மெல்லப்பட்டால் ஆளையே சாய்த்துவிடும். முழுசாக விழுங்கினால் கெட்டியான தோல் காரணமாகச் சில சமயம் தப்பிக்கலாம். (பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்!)

மொத்தம் ஐந்து நிமிஷம். நாலு செடி, எது உணவு, எது மருந்து, எது விஷம், எந்தப் பருவத்தில் எது என்று ஒரு முழு வகுப்பு. அந்த அம்மாவுக்கு இது அரிச்சுவடி. ஆனால், இதே அரிச்சுவடியில் கோட்டை விட்டவர்கள் பட்டியல் பெரிசு. விஞ்ஞானிகள், டாக்டர்கள், கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியே அதில் இருக்கிறது.

மணத்தக்காளியிலிருந்தே ஆரம்பிப்போம். நமக்கு வத்தக்குழம்பு. ஐரோப்பாக்காரனுக்கு நெடுங்காலம் அது விஷச்செடி. அங்கே பெல்லடோனா என்று ஒரு நிஜமான விஷச்செடி உண்டு. அதற்கும் கறுப்புப் பழம்தான். இதைப் பார்த்து அதற்குப் பயந்தார்கள். பச்சைக் காயில் சோலனைன் என்ற நஞ்சு இருப்பது வேறு அவர்கள் கட்சிக்கு வசதியாகப் போயிற்று.

1909-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் என்று ஒருவர். புதுப் புதுச் செடி ரகங்களை உருவாக்குவதில் மன்னர். பர்பாங்க் உருளைக்கிழங்கு அவர் பெயரில்தான். அவர் ஒரு கறுப்புப் பழச்செடியைத் தானே ஒட்டுச் சேர்த்து உருவாக்கியதாகச் சொல்லி, நியூயார்க் விதை வியாபாரி ஜான் லூயிஸ் சைல்ட்ஸிடம் விற்றார். சைல்ட்ஸ் அதற்கு 'அதிசயப் பழம்' என்று பெயர் வைத்துத் தடபுடலாக விளம்பரம் செய்தார். 'ரூரல் நியூயார்க்கர்' என்ற விவசாயப் பத்திரிகை பிடித்துக்கொண்டது. 'இது அதிசயமும் இல்லை, புதுசும் இல்லை. வேலியோரம் முளைக்கிற சாதாரண விஷச்செடி' என்று எழுதிக் கிழித்தது. பர்பாங்க் கொதித்துப்போய், நிரூபித்தால் 10,000 டாலர் தருகிறேன் என்று சவால் விட்டார். அந்தக் காலத்துப் பத்தாயிரம் டாலர்!

பிற்பாடு செடிகளை வளர்த்துப் பார்த்த தாவரவியல் நிபுணர்கள் சொன்ன தீர்ப்பு இரண்டு தரப்புக்கும் சங்கடம். பர்பாங்க் சொன்ன மாதிரி ஒட்டு ரகமும் இல்லை, பத்திரிகை சொன்ன மாதிரி சாதாரணக் களையும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே இருந்த ஒரு வகை. நம் மணத்தக்காளிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. பழுத்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

நடுவில் ஒரு விஷயம். தக்காளி என்ற சொல்லே நாம் இன்று கிலோ கணக்கில் வாங்கும் சிவப்புப் பழத்துக்கு உரியது இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது வந்து சேருவதற்கு முன்பே நம் வேலியோரச் சின்னப் பழங்களுக்குத் தக்காளி என்று பெயர் இருந்தது. வந்தவருக்கு நம்மவர்கள் வைத்த பெயர் 'சீமைத் தக்காளி'. காலப்போக்கில் அவர் சீமையைக் கழற்றிவிட்டு வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

சரி, பர்பாங்க்குக்கு வருவோம். அவர் வருஷக்கணக்கில் மெனக்கெட்ட இன்னொரு செடி எது தெரியுமா? சப்பாத்திக்கள்ளி. நாகதாளி என்றும் சொல்வோம். முள் இல்லாத சப்பாத்திக்கள்ளியை உருவாக்கினால் பாலைவனமெல்லாம் மாட்டுத் தீவனம் விளையும் என்பது அவர் கனவு. அந்தக் கனவுக்கு நூறு வருஷம் முன்னாலேயே, இதே செடியை வைத்து நம் சென்னையில் ஒருவர் வேறொரு கனவு கண்டிருந்தார். பர்பாங்க் கதை அதன் முன்னால் சுண்டைக்காய்.

கொடுங்கையூர் வேலியிலும் ஒரு சப்பாத்திக்கள்ளி நின்றிருந்தது. அதன் கருஞ்சிவப்புப் பழத்தைச் சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறீர்களா? சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது ஒரு தனிக் கலை. கையால் பறிக்கக் கூடாது. மேலே கண்ணுக்குத் தெரியாத பூமுள், குத்தினால் ரெண்டு நாள் எடுக்க முடியாது. குச்சியால் தட்டி விழவைத்து, மண்ணில் போட்டுச் செருப்புக் காலால் உருட்டி, அல்லது தீயில் வாட்டி முள்ளைப் போக்கி, பிளந்து, உள்ளே இருக்கிற நட்சத்திர முள்ளையும் எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். நாக்கு, உதடு, சட்டை எல்லாம் ரத்தச் சிவப்பாகிவிடும்.

இந்தச் சிவப்பில்தான் கதை தொடங்குகிறது.

ஸ்பெயின்காரர்கள் மெக்ஸிகோவைப் பிடித்தபோது அங்கே ஒரு சாயம் கிடைத்தது. கோச்சினீல். அதற்கு ஈடான சிவப்பை ஐரோப்பா கண்டதே இல்லை. மெக்ஸிகோவிலிருந்து ஏற்றுமதியான சரக்கில் வெள்ளிக்கு அடுத்தபடி பணம் கொட்டியது இதுதான். அரசர்களின் அங்கி, கார்டினல்களின் உடுப்பு, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு எல்லாவற்றுக்கும் இது வேண்டும். ரகசியத்தை ஸ்பெயின் வெளியே விடவில்லை. மூட்டையில் வந்ததோ காய்ந்து சுருங்கிய மணி மணியான சரக்கு. ஐரோப்பாவில் பலர் இதை ஏதோ ஒரு செடியின் பழம் அல்லது விதை என்றே நம்பினார்கள். நுண்ணோக்கி நிபுணர் லீவன்ஹூக் 1680-களில் இதை ஆராய்ந்தபோது, அவரே முதலில் பழம் என்றுதான் சொன்னார். மறுபடி உற்றுப் பார்த்த பிறகுதான் கால்களும் உடம்பும் தெரிந்தன. அது பூச்சி!

அப்போதும் சண்டை ஓயவில்லை. பழமா, பூச்சியா என்று ஆம்ஸ்டர்டாமில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, மெக்ஸிகோவிலிருந்து சாட்சிகளின் வாக்குமூலத்தையே வரவழைத்து, 1729-ல் அதை ஒரு புத்தகமாகவும் போட்டார்கள். மெக்ஸிகோவில் அந்தச் செடியை வளர்த்த குடியானவரிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். சப்பாத்திக்கள்ளி மட்டையில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கிற பூச்சி. பொறுக்கிக் காயவைத்து அரைத்தால் சாயம். ஒரு பவுண்டு சாயச்சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சி வேண்டும். பழத்தின் சிவப்பு வேறு, பூச்சியின் சிவப்பு வேறு. பழச்சாயம் வெயிலில் வெளுத்துவிடும். பூச்சிச்சாயம் லேசில் போகாது.

இப்போது சென்னைக்கு வாருங்கள். ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர், பின்னாளில் மெட்ராஸின் பிஸிஷியன் ஜெனரல். வைத்தியத்தைவிடச் செடிகொடிகளில்தான் அவருக்கு மோகம். பட்டுப்புழு, பருத்தி, கரும்பு என்று எதையாவது கொண்டுவந்து இங்கே விளைவிக்க வேண்டும் என்று ஓயாமல் கடிதம் எழுதுவார். எழுதிய கடிதங்களை அச்சடித்தும் போடுவார்!

1786 டிசம்பரில் அவர் லண்டனில் இருந்த பிரபல விஞ்ஞானி ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். மெட்ராஸிலேயே கோச்சினீல் மாதிரியான பூச்சியைப் புல்லில் கண்டுபிடித்துவிட்டேன், சாயம் எடுக்கலாம் என்று. கம்பெனிக்கு நாக்கு ஊறியது. ஸ்பெயின்காரனின் கஜானாவை உடைத்த மாதிரி ஆயிற்றே! ஆனால், பூச்சியைப் பார்த்த பேங்க்ஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டார். இது அது இல்லை.

ஆண்டர்சன் சளைக்கவில்லை. நிஜப் பூச்சி என்றைக்காவது வரும், வரும்போது அதற்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்று 1789-ல் சைதாப்பேட்டையில் ஒரு தோட்டம் போடப்பட்டது. முழுக்க முழுக்கச் சப்பாத்திக்கள்ளி. பேங்க்ஸ் தயவில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கூடச் செடி வந்தது. மெக்ஸிகோவில் இந்தச் செடிக்கு நோபல் என்று பெயர் என்பதால் தோட்டத்துக்கு 'நோபல்ரி' என்று பெயர். (பரிசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பொறுப்பாளர், ஆண்டர்சனின் அக்கா தங்கை வழி மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி. கப்பல்காரர்களை வாட்டிய ஸ்கர்வி நோய்க்கு இந்த மட்டையைக் காய்கறியாகக் கொடுக்கலாம் என்றும் ஆண்டர்சன் வாதாடிப் பார்த்தார்.

கொட்டகை ரெடி, தீவனம் ரெடி, மாட்டைத்தான் காணோம். ஆறு வருஷம் இப்படியே போயிற்று. நான் காமர்ஸ் படித்தவன். ஒரு ரூபாய் வரவு இல்லாமல் ஆறு வருஷம் செலவுக் கணக்கு மட்டும் எழுதிய அந்தக் கம்பெனி குமாஸ்தாவை நினைத்தால் எனக்குக் கண்ணீரே வருகிறது.

1795. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் தங்கிய கேப்டன் நீல்சன் என்பவர், பூச்சி ஒட்டிய சப்பாத்திக்கள்ளிகளைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வழியில் பெரும்பாலானவை செத்துப் பிழைத்தவை சில. அவை கல்கத்தாவில் பெருகின. அங்கிருந்து மெட்ராஸுக்கும் வந்தன. ஆண்டர்சனுக்குத் தலைகால் புரியவில்லை. பூச்சியும் சும்மா இல்லை, மளமளவென்று பெருகியது. கம்பெனி, நல்ல ரகப் பூச்சியை யார் கொண்டுவந்தாலும் 2,000 பவுண்டு பரிசு என்றது.

ஏன் அந்தப் பரிசு? வந்தது நல்ல ரகம் இல்லை! மெக்ஸிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பழக்கிய பூச்சி வேறு. பிரேசிலிலிருந்து வந்தது அதன் காட்டுச் சொந்தம். உருவம் சின்னது, மேலே பஞ்சு மாதிரி மெழுகு, சாயமோ கொஞ்சம். லண்டன் மார்க்கெட்டில் மெக்ஸிகோ சரக்கின் விலையில் பாதிகூடத் தேறவில்லை. நிஜமான பூச்சி கடைசிவரை வரவே இல்லை. 1800-ல் நோபல்ரியை மூடிவிட்டுச் செடிகளை பெங்களூர் லால்பாக்குக்கு அனுப்பினார்கள். 1809-ல் ஆண்டர்சன் காலமானார். கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்குள் அவருக்குச் சிலை இருக்கிறது. லண்டனின் பிரபல சிற்பி சான்ட்ரி செதுக்கியது. (நம் அம்மா 'கிட்டயே போவாத' என்ற உண்ணிச்செடியை அழகுக்காகக் கல்கத்தா தோட்டத்துக்குக் கொண்டுவந்ததும் அதே 1809-ல்தான். இன்று அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையே விழுங்கிக்கொண்டிருக்கிறது. அது தனிக் கதை.)

டாக்டர் போய்விட்டார். பூச்சி போகவில்லை.

சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சிக்கு ஒரு வேலை மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. தின்பது! வட இந்தியாவில் ஊர் ஊராக வேலியில் நின்ற பழைய ரகச் சப்பாத்திக்கள்ளியைக் காலி செய்துகொண்டே போனது. அரசாங்கம் பார்த்தது. 1836-38-ல் அதே பூச்சியைத் தென்னிந்தியாவில் வேண்டுமென்றே பரப்பினார்கள், கள்ளியை ஒழிக்க. 1863 முதல் இலங்கைக்கும் போனது. ஒரு களையைப் பூச்சி விட்டு ஒழிப்பது என்ற விஞ்ஞானத்துக்கு உலகிலேயே முதல் உதாரணமாக இன்றும் பாடப்புத்தகங்களில் இதைத்தான் சொல்கிறார்கள். 1912-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கமிஷனே கிளம்பி, உலகம் சுற்றி, இந்தப் பக்கமும் வந்து, பூச்சியைக் குயின்ஸ்லாந்துக்கு எடுத்துப் போயிற்று. நஷ்டக் கணக்கில் எழுதிய சரக்கு, நூறு வருஷம் கழித்து ஏற்றுமதி!

ஆனால், இங்கே இன்னொரு கண்ணாமூச்சி. ஒரு ரகக் கள்ளி ஒழிந்த இடத்தில் இன்னொரு ரகம் வந்து உட்கார்ந்தது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பூச்சிக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. புதுசைத் தொடவே இல்லை. மேய்ச்சல் நிலம், புறம்போக்கு, ஊர் எல்லை எல்லாம் முள்ளாகிப் போய், கடைசியில் 1926-ல் இலங்கை வழியாக வேறொரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். ஐந்தாறு வருஷத்தில் தென்னிந்தியாவின் கள்ளிக்காடுகள் பெருமளவு மாயமாயின. இன்று வேலியில் நாம் பார்ப்பதும், அந்தக் கருஞ்சிவப்புப் பழத்தைத் தருவதும் அப்போது தப்பித்த இந்த இரண்டாவது ரகம்தான்.

புல்லில் இருந்ததைக் கோச்சினீல் என்றது, காட்டுப் பூச்சியை வளர்ப்புப் பூச்சி என்று நம்பியது, இரண்டு கள்ளியை ஒன்று என்று நினைத்தது... எல்லாமே 'இது எது?' என்ற ஒரே கேள்வியில் வாங்கிய முட்டை மார்க். ஆண்டர்சனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நுண்ணோக்கியும் கப்பலும் பரிசுப் பணமும் இருந்தும் அவர் காலம் அவரைக் கைவிட்டது.

ஆனால், அந்தக் கேள்விக்குச் சரியாக விடை தெரிந்தவர்களையும் கைவிடுகிற காலம் ஒன்று வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்களைக் கொடுங்கையூருக்கு மறுபடி கூட்டிப்போகிறேன்.

மணத்தக்காளிக்கு ஒரு குணம் உண்டு. 2000-களில் சீன ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது. மண்ணில் காட்மியம் என்ற உலோகம் இருந்தால், அந்தச் செடி மற்ற செடிகளைவிடப் பல மடங்கு அதிகமாக அதை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. செத்தும் போவதில்லை. தளதளவென்று வளர்கிறது. விஷமேறிய நிலத்தைச் சுத்தம் செய்ய இந்தச் செடியை நடலாமா என்றே யோசித்திருக்கிறார்கள். காட்மியம் எங்கே இருக்கும்? பழைய பேட்டரி, பெயின்ட், சிலவகைப் பிளாஸ்டிக், உலோக முலாம். இவை எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேருகிற இடம் குப்பைமேடு. மழை பெய்தால் அங்கிருந்து கால்வாய்க்கும் கரைக்கும் கசியும். எத்தனை முறை அலசினாலும் போகாது, செடிக்கு உள்ளேயே இருப்பது எப்படிப் போகும்? அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகத்தில் போய் உட்காரும். ஜப்பானில் ஜின்சு நதிக்கரையில் சுரங்கக் கழிவின் காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பெல்லாம் ஒடிந்து, 'இத்தாய் இத்தாய்' (வலிக்குதே, வலிக்குதே) என்று அலறியதே அந்த நோயின் பெயரானது. அரசாங்கம் 1968-ல்தான் ஒப்புக்கொண்டது.

குப்பைமேட்டைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் வேலையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். நல்லதுதான். குப்பை போன பிறகும் அடியில் இருக்கிற மண் அங்கேதான் இருக்கும். ஆகவே, கீரையோ பழமோ, ரோட்டோரம், சாக்கடைக் கரை, குப்பைமேடு, ஃபேக்டரிச் சுவர் பக்கத்தில் பறித்தது வேண்டாம். செடி சரியானதாகவே இருந்தாலும் வேண்டாம்.

இதை அந்த அம்மாவிடமும் முடிந்தவரை சொன்னேன். மடியைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"எங்கம்மா காலத்துலேர்ந்து இங்கதான் பறிக்கிறோம். அப்ப இங்க ஏது குப்ப? வயலும் தண்ணியுமா இருந்துச்சு" என்றார்.

மடியில் இருந்ததை ஒரு தடவை பார்த்தார். கொட்டவில்லை.

"வூட்டு மாடில ஓட்ட பக்கெட்டுல வெச்சிக்கலாம், தம்பி. ஒரு பழத்த நசுக்கிப் போட்டா போதும், அதுவா மொளைக்கும். மண்ண எங்கிருந்து எடுத்தாறது? அத்த சொல்லு."